கொச்சி: ஒருநாள் உலாவில் இடம்பெறாதவர்கள்

கொச்சியில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் தரும் பட்டியலை வரிசையாக வாசித்தால் ஒரு விந்தை புலப்படும். சீனவலை, போர்த்துகீசியர் தேவாலயம், டச்சுக் கல்லறை, டச்சு அரண்மனை, யூதத் தெரு. அநேகமாக எல்லா இடங்களும் அவ்வூரைவிட்டுப் போய்விட்டவர்களின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. அவற்றுள்ளும் சில பெயர்கள் பொருந்தாதவை. டச்சு அரண்மனையைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் அல்லர். சீனவலையைக் கொண்டுவந்தவர்கள் சீனர்கள்தாமா என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. யூதத் தெருவில் இன்று எஞ்சியிருக்கும் யூதர்களை ஒரு கையின் விரல்களால் எண்ணிவிடலாம். போனவர்கள் பெயர்களை விட்டுச் சென்றிருக்கிறார்கள். இருந்தவர்களும், அத்துறைமுகத்தைத் தம் தோள்களில் சுமந்தவர்களும் எங்கே போனார்கள்?

இலக்கிய நண்பர்கள் சிலர் கூடி, உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, காலை முதல் மாலை வரை கொச்சியைச் சுற்றிவந்தபோது எங்களுள் எழுந்த கேள்வி இதுதான். வழிகாட்டி ஐம்பது வயதைக் கடந்தவர். தமிழும் மலையாளமும் கலந்து சரளமாகப் பேசக்கூடியவர். சேட்டா என்றே அவரை அழைத்தோம். ஒருநாள் உலாவுக்கென வகுக்கப்பட்ட பாதையில் அவர் எங்களை அழைத்துச் சென்றார். அப்பாதையில் உள்ளவற்றையும், பாதையின் ஓரத்தில் இருந்தும் உலாவில் இடம்பெறாதவற்றையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

கொச்சியின் கதையை முசிறியிலிருந்துதான் தொடங்க வேண்டும். யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட அத்துறையை அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியிருப்பதைத் தமிழ் வாசகர்கள் அறிவர். கொச்சிக்கு வடக்கே பட்டணம் என்னும் சிற்றூரில் 2007ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த சாடிகளின் சில்லுகளும் கல்மணிகளும் மிளகும் கிடைத்தன. முசிறி அங்கேதான் இருந்தது என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை எனினும், பழந்துறைமுகம் ஒன்று அங்கே இயங்கியது என்பதில் ஐயமில்லை. 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அப்பகுதியின் முகத்துவாரத்தைத் தூர்த்து, தெற்கே கொச்சியில் புதிய வாயிலைத் திறந்துவிட்டது என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆக, கொச்சித் துறைமுகத்தின் முதல் சிற்பி மன்னனோ மாலுமியோ அல்லன், ஒரு வெள்ளம்.

எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து கோட்டைக்கொச்சிக்குக் காயலைக் கடந்து செல்லும்போது இடப்பக்கம் தென்படுவது வில்லிங்டன் தீவு. இது இயற்கைத் தீவு அன்று. காயலின் முகத்தில் கிடந்த மணல்திட்டு பெரிய கப்பல்களை உள்ளே விடாமல் தடுத்துவந்தது. அவை வெளிக்கடலில் நங்கூரமிட, சரக்குகள் வள்ளங்களில் ஏற்றி இறக்கப்பட்டன. 1920இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அத்திட்டை வெட்டி வழி அமைத்தார். 1928இல் 'பத்மா' என்னும் நீராவிக்கப்பல் உள்துறைமுகத்திற்குள் நுழைந்தது. தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவுக்கு, சென்னை மாகாண ஆளுநராக இருந்து பின்னர் வைசிராயான வில்லிங்டனின் பெயரைச் சூட்டினார்கள். வழிகாட்டிகள் இக்கதையைப் பெருமிதத்தோடு சொல்வார்கள்; எங்கள் சேட்டாவும் சொன்னார்.

இதே காயலில் நிகழ்ந்த மற்றொன்றை உலாப்படகுகளில் பொதுவாகச் சொல்வதில்லை. 1913ஆம் ஆண்டு, கொச்சி அரசின் நிலத்தில் கூட்டம் கூட உரிமையற்றிருந்த புலையர்கள், பண்டிட் கருப்பன் முதலியோரின் முன்முயற்சியில், வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்து நீரின்மேல் மேடை அமைத்துத் தங்கள் மாநாட்டை நடத்தினார்கள். காயல் சம்மேளனம் என்று அது நினைவுகூரப்படுகிறது. தரையில் நிற்க இடம் தராத அரசு, நீரில் நிற்பதைத் தடுக்கும் சட்டம் எதையும் எழுதிவைத்திருக்கவில்லை. பிரிஸ்டோ காயலில் ஒரு தீவை எழுப்புவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இம்மக்கள் ஒருநாள் தீவு ஒன்றைத் தம் வள்ளங்களால் எழுப்பியிருக்கிறார்கள்.

*

கோட்டைக்கொச்சியில் கோட்டை இல்லை. 1500ஆம் ஆண்டின் இறுதியில் கப்ரால் இங்கு வந்தார். 1503இல் போர்த்துகீசியர் தம் கோட்டையை எழுப்பினர். 1663இல் டச்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றிச் சுருக்கிக் கட்டினர். 1795இல் ஆங்கிலேயர் வசமாகி, 1806இல் பெரும்பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இன்று கடற்கரையில் சில கற்களே எஞ்சியுள்ளன. அதன் பின்னர் கோட்டைக்கொச்சி மலபார் மாவட்டத்தின் துண்டுநிலமாகச் சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1956 நவம்பரில் கேரளம் உருவாகும்வரை, ஒரே தெருவில் நடந்து சென்றால் சென்னை அரசின் எல்லை முடிந்து வேறோர் ஆட்சியின் கீழிருந்த மட்டாஞ்சேரி தொடங்கும்.

கரையோரச் சீனவலைகளைக் குப்லாய்கான் காலத்தோடோ, கடற்தளபதி செங் ஹவோடோ இணைத்துப் பேசுவது வழக்கம். போர்த்துகீசியர் மக்காவிலிருந்து கொண்டுவந்தனர் என்ற கருத்தும் உண்டு. வலையின் பிறப்பிடத்தைவிட எங்களை ஈர்த்தது அதன் இயக்கம். ஏறத்தாழ முப்பதடி உயரமுள்ள மரச்சட்டம். மறுமுனையில் கயிறுகளில் கட்டித் தொங்கவிடப்பட்ட கருங்கற்கள். கற்களின் எடையும் வலையின் எடையும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால், நான்கைந்து பேர் கயிற்றை இழுத்தால் அத்தனை பெரிய வலை மேலெழுகிறது. அதை இழுப்பவர்கள் இன்று மீனைவிடப் படம்பிடிக்க வருவோரை நம்பியிருக்கிறார்கள் என்று சேட்டா சொன்னார்.

அடுத்தது புனித பிரான்சிஸ் தேவாலயம். மரத்தால் கட்டப்பட்டுப் பின் கல்லாக மாறி, 1516இல் நிறைவுற்றபோது அது புனித அந்தோனியார் பெயரில் இருந்தது. டச்சுக்காரர்கள் தம் சீர்திருத்தச் சபைக்கும், ஆங்கிலேயர் ஆங்கிலிக்கன் சபைக்கும் அதை மாற்றிக்கொண்டனர். இன்று தென்னிந்தியத் திருச்சபையின் வசம் உள்ளது. 1524 டிசம்பரில் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவின் உடல் இங்கேதான் புதைக்கப்பட்டது. 1539இல் எலும்புகளைப் போர்த்துகலுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். எனவே பயணிகள் கம்பித்தடுப்புக்கு அப்பால் எட்டிப் பார்ப்பது வெறும் குழியின் மேல் பதித்த கல்லைத்தான். வெறும் குழிக்கு இத்தனை கூட்டம்.

தலையை உயர்த்தினால் மற்றொன்று தெரியும். உத்திரத்திலிருந்து நீண்ட துணிவிசிறிகள் தொங்குகின்றன. அவற்றின் கயிறுகள் சுவரைத் துளைத்து வெளியே செல்கின்றன. உள்ளே ஆராதனை நடக்கையில் வெளியே வெயிலில் நின்று ஒருவர் இழுக்க, உள்ளிருப்போருக்குக் காற்று வரும். சுவர்களில் போர்த்துகீசிய, டச்சுக் கல்லறைப் பலகைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. அந்தக் கயிற்றை இழுத்தவர்களுக்குப் பலகை இல்லை. கொச்சியின் வரலாறு முழுவதும் இந்தத் தேவாலயத்தின் அமைப்பிலேயே இருப்பதாக எங்களுக்குப்பட்டது: உள்ளே பெயர் பொறித்த கற்கள், வெளியே கயிற்றின் மறுமுனை.

*

டச்சுக் கல்லறைத் தோட்டம் 1724இல் அர்ப்பணிக்கப்பட்டது. பூட்டிய வாயிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்வதே உலாவின் வழக்கம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொச்சியைப் பற்றிச் சொல்லும்போது மிளகையும் இலவங்கப்பட்டையையும் சொல்லாத வழிகாட்டி இல்லை. மனிதர்களும் அங்கே சரக்காக விற்கப்பட்டார்கள் என்பது அரிதாகவே சொல்லப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கொச்சியில் அடிமைகளின் விற்பனை கம்பெனி அலுவலர்முன் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. இங்கிருந்து இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் தென்னாப்பிரிக்காவின் கேப் நிலத்துக்கும் மனிதர்கள் கப்பலேற்றப்பட்டனர். கேப்பின் ஆவணங்களில் சொந்தப் பெயரை இழந்து, புதிய பெயரோடு 'மலபார்' என்ற ஒட்டை மட்டும் சுமந்த பலரைக் காண முடிகிறது.

இவ்விடத்தில் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு செய்தி. கொச்சியில் டச்சுக்காரர்கள் எழுதிவைத்த ஆவணங்களின் பெருந்தொகுதி இன்று இருப்பது கொச்சியில் அன்று. சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். கோட்டைக்கொச்சி சென்னையின் ஆட்சிக்குள் வந்ததால் காகிதங்களும் சென்னைக்கு வந்துசேர்ந்தன. டச்சுக் கம்பெனி ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தபோது சென்னைத் தொகுதியும் அதில் அடங்கியது. கொச்சித் தெருக்களில் எங்கும் காணக் கிடைக்காத மனிதர்களைத் தேட வேண்டுமானால், எழும்பூர் ரயில்நிலையத்துக்கு அருகே செல்ல வேண்டும். அங்கும் அவர்கள் விற்றவர், வாங்கியவர் பெயர்களுக்கு நடுவில் ஒரு வரியாகவே கிடைப்பார்கள். பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் டச்சுக் கப்பல்கள் இதே சரக்கை ஏற்றிச் சென்றன என்பதை நினைவில் கொண்டால், இது அயலூர்க் கதையாகத் தோன்றாது.

காகிதத்தில் இடம்பெறாத அடிமைகளுக்கு மட்டாஞ்சேரியில் வேறொரு நினைவகம் வாய்த்திருக்கிறது. மங்காட்டுமுக்கு என்னுமிடத்தில் சாலையோரத்துச் சிறு மேடை. பெயர் காப்பிரி முத்தப்பன். ஆப்பிரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களைக் காப்பிரி என்று அழைத்தனர். 1663இல் டச்சுக்காரரிடம் தோற்று ஓடும்போது போர்த்துகீசியர் தம் செல்வத்தைப் புதைத்து, அதைக் காவல் காக்க அடிமைகளைக் கொன்று உடன் புதைத்தனர் என்பது வாய்மொழிக் கதை. அந்த ஆவியே முத்தப்பன். படையல் சுருட்டும் கள்ளும் இறைச்சியும். சமயவேறுபாடின்றி வேண்டிக்கொள்கிறார்கள். கதை அப்படியே நடந்ததா என்பதைவிட, கொன்றவனின் பெயரை மறந்து கொல்லப்பட்டவனைக் காவல்தெய்வமாக்கிய மக்கள் மனம் முக்கியமானது. சிறுதெய்வங்களின் கதைகளை அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலாவின் பட்டியலில் இம்மேடை இல்லை. நாங்கள் கேட்டபின் சேட்டா அழைத்துச் சென்றார். சற்றே நாணத்துடன், தாமும் அங்கே சுருட்டு வைத்ததுண்டு என்றார்.

கோட்டைக்கொச்சியின் வெளிப் பகுதியிலுள்ள தோபிகானாவில் எங்களை வரவேற்றது தமிழ். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து தம் முன்னோர் அழைத்துவரப்பட்டனர் என்பது இங்குள்ள வண்ணார் சமூகத்தாரிடையே வழங்கும் வரலாறு. பழைய குளக்கரைகளுக்குப் பதிலாக இன்றுள்ள துவைகல் தொட்டிகள் 1976இல் கட்டித்தரப்பட்டவை. கஞ்சி போடுகிறார்கள், முறுக்கிய தேங்காய்நார்க் கயிறுகளின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகி, கவ்விகள் இல்லாமல் உலர்த்துகிறார்கள். படைகள் போய்விட்டன, தங்கும்விடுதிகளின் விரிப்புகள் வருகின்றன. கற்கட்டடங்கள் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாகிவிட்ட ஊரில், பழைய கொச்சியின் உயிரோடுள்ள எச்சம் இந்தத் துவைகற்களின் ஓசைதான்.

*

பிற்பகல் மட்டாஞ்சேரிக்கு உரியது. அரண்மனையைப் போர்த்துகீசியர் 1545 வாக்கில் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தனர். கோயில் ஒன்றைக் கொள்ளையிட்ட பகையைத் தணிக்கவே இக்கொடை என்பர். டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உள்ளே இராமாயணச் சுவரோவியங்கள் நின்று பார்க்கத்தக்கவை. அரண்மனைக் கோயிலுக்கு அடுத்த சுவரில் தொடங்குகிறது பரதேசி யூதர்களின் ஜெபாலயம். 1568இல் எழுந்தது, தரையில் சீனத்து நீலவெள்ளை ஓடுகள், முற்றத்தில் 1760இல் எழுப்பிய மணிக்கூண்டு, அதன் முகங்களில் வெவ்வேறு மொழிகளின் எண்கள்.

இங்குக் காக்கப்பட்டுவரும் செப்பேடுகள் ஏறத்தாழக் கி.பி. 1000ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் அளித்ததைச் சொல்பவை. வட்டெழுத்தில், இடையிடையே கிரந்த எழுத்துகளோடு, அக்காலத்து மேற்குக்கரையின் மொழியில் எழுதப்பட்டவை. தமிழறிந்தவருக்கு அந்நியமாகாத மொழி அது. ஆணை பிறந்த இடம் முயிரிக்கோடு என்றிருப்பது முசிறியை மீண்டும் நினைவூட்டுகிறது.

அடைக்கலம் தந்த ஊர், சமய நல்லிணக்கத்தின் சான்று என்று உலா இங்கே நெகிழ்ந்து நிற்கும். அது உண்மைதான்; முழு உண்மை அன்று. அடைக்கலம் பெற்ற சமூகத்திற்குள்ளும் அடுக்குகள் இருந்தன. பரதேசிகளின் ஜெபாலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் சமமாக அமர முடியாது, முன்னறையில்தான் இடம். அச்சமூகத்தில் பிறந்து வழக்கறிஞரான ஏ.பி. சேலம் (1882–1967) காந்திய வழியில் ஜெபாலயத்திற்குள்ளேயே சத்தியாகிரகம் செய்து அத்தடைகளைத் தளர்த்தினார். மலபாரி யூதர்களின் கடவும்பாகம் ஜெபாலயமோ, அவர்கள் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தபின் கிடங்காகிப்போனது. அதன் மரவேலைப்பாடுகள் கொண்ட உட்பகுதி எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் நின்ற சுவர்களின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது. ஒரே தெருவழியில் ஒன்று நுழைவுச்சீட்டோடு நிற்க, மற்றொன்று சரிந்ததற்கு மழை மட்டும் காரணமாகாது.

யூதத் தெருவிலிருந்து பஜார் சாலைக்குள் நுழைந்தால் சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலைகள். சேட்டாவின் குரல் மாறியது இங்கேதான். துறைமுக வேலைக்கு ஆள் எடுக்க ஒரு காலத்தில் நிலவிய முறைக்குச் 'சாப்பா' என்று பெயர். விடியற்காலையில் வேலைதேடிக் கூடும் கூட்டத்தின் நடுவே கங்காணிகள் உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். பாய்ந்து, அடித்துப் பிடித்து வில்லையைக் கைப்பற்றியவனுக்கு அன்று கூலி. தவறியவன் வீட்டில் அடுப்பு எரியாது. தன் அண்டைவீட்டானின் விரல்களை மிதித்தால்தான் தன் பிள்ளைக்குச் சோறு என்ற நிலை. துறைமுகத் தொழிலாளர்களின் வேலையை முறைப்படுத்தும் சட்டம் 1948இலேயே இயற்றப்பட்டிருந்தும் வில்லைகள் வீசப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. இதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை சுட்டது. சைது, சைதலவி ஆகியோர் குண்டுபட்டும், ஆன்றணி காவலர்களின் சித்திரவதையாலும் மாண்டனர்.

இந்நிகழ்வை நினைவில் நிறுத்தியதில் எழுத்துக்குப் பங்குண்டு. கே.எம். சிதம்பரன் 'துறைமுகம்' என்னும் நாடகமாக எழுதினார். அதை அடிப்படையாகக் கொண்டு ராஜீவ் ரவி இயக்கிய திரைப்படம் 2023இல் வெளியானது. படம் பார்த்தபின்பே பலர் அவ்விடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கிறார்கள் என்றார் சேட்டா. அதுவரை அவர் ஏன் சொல்லவில்லை என்று எங்களில் ஒருவர் வினவியதற்கு, காட்டுவதற்குக் கட்டடம் எதுவும் இல்லாததைச் சொல்லிக் கைகளை விரித்தார்.

*

அந்தப் பதிலில் பிழை காண முடியாது. உலா என்பது கண்ணுக்குக் காட்டும் தொழில். கல்லில் கட்டியவனே காட்சிக்கு எஞ்சுகிறான். ஆனால் அன்று முழுவதும் நடந்தபின் எங்களுக்குப் புலப்பட்டது இதுதான்: கல்லில் இல்லாதவர்கள் காணாமற்போய்விடவில்லை, வேறு வடிவங்களில் இருக்கிறார்கள். அடிமைகள் சென்னைக் காப்பகத்தின் காகிதத்திலும், சாலையோரத் தெய்வத்தின் சுருட்டுப் புகையிலும் இருக்கிறார்கள். காயலில் கூடியவர்கள் நினைவின் பெயரில் இருக்கிறார்கள். வண்ணார்கள் தம் உழைப்பிலேயே இருக்கிறார்கள். வில்லைக்குப் பாய்ந்தவர்கள் ஒரு நாடகத்தில் இருக்கிறார்கள். நம் தூத்துக்குடிக்கு ஜோ டி குருஸின் 'கொற்கை' (2009) செய்திருப்பதும் இத்தகைய பணியே. கட்டடம் இல்லாத இடத்தில் நிற்கக்கூடிய ஒரே கட்டடம் எழுத்து என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

இது பழங்கதை மட்டும் அன்று. வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையம் 2011இல் திறக்கப்பட்டது. அதற்குச் செல்லும் சாலைக்காகவும் இருப்புப்பாதைக்காகவும் 2008இல் மூலம்பிள்ளி உள்ளிட்ட இடங்களிலிருந்து 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மறுவாழ்வுக்கான அவர்களின் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. நூறாண்டுகள் கழித்து வரும் ஓர் உலாவில் முனையத்தைத் திறந்துவைத்தவர் பெயர் சொல்லப்படும். அந்தக் குடும்பங்களின் பெயர்களைச் சொல்ல இப்போதே யாரேனும் எழுதிவைத்தாக வேண்டும்.

கொச்சிக்குச் செல்லும் நண்பர்கள் சீனவலையையும் ஜெபாலயத்தையும் அவசியம் பாருங்கள். அவை பார்க்கத் தகுந்தவை. கூடவே, மங்காட்டுமுக்குக்கும் பஜார் சாலைக்கும் அழைத்துச் செல்லும்படி வழிகாட்டியிடம் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் உலாவின் பாதை தானே மாறும். எங்களிடம் பேசிய கூலிக்கு மேல் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு, சாப்பா வீசப்பட்ட துறையோரத்தில் நின்று அந்த மூன்று பெயர்களையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார் சேட்டா.